கையும் காலும் வந்துவிட்டால் ஆட்டோ ஓட்டலாமா?



ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் பிறகு வாசியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பாரிசவாதம் வந்த ஒருவர் இருந்தால், அல்லது உங்கள் பிள்ளை ஆட்டோவிலோ வேனிலோ ஸ்கூலுக்குப் போகிறது என்றால், இன்று இஷாவுக்குப் பிறகாவது முழுதாக வாசித்துவிடுங்கள். யாரோ ஒருவரை மனதில் வைத்து இதை எழுதவில்லை. தயவுசெய்து பெயர் தேடாதீர்கள்.

நம் ஊரில் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் ஊரே திரண்டு போகும். அந்த விஷயத்தில் ஆலங்குடாவைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்கிற கூட்டத்தை நர்ஸ்மார் விரட்ட வேண்டியிருக்கும். டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் வந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் போனதும் விசாரிப்பு மாறும்.

"கை வந்துட்டா நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், கை வந்துட்டு."

"கால்?"

"காலும் வந்துட்டு."

"அப்ப எப்ப ஆட்டோ எடுக்கிற?"

அன்பில் கேட்கிற கேள்விதான், ஒரு துஆ மாதிரி. ஆனால் இந்த மூன்று கேள்விகளில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. கையையும் காலையும் பற்றிக் கேட்கிறோம். கண் வந்ததா, கவனம் வந்ததா, தீர்மானம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ரோட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கேட்காமல் விடப்பட்ட அந்த மூன்றும்தான்.

கை கால் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆட்டோவின் இடது கைப்பிடியில்தான் கிளச்சும் கியரும், வலது கையில் எக்ஸலேட்டர், வலது காலில் பிரேக். இடது கை பலவீனமானவர் கியர் மாற்றும்போது ஹேண்டில் இழுபடும். வலது கால் மரத்துப்போனவருக்குப் பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ஆனால் இவையெல்லாம் வெளியே தெரிகிற குறைகள். ஓட்டுகிறவருக்கும் தெரியும், பின்னால் இருப்பவருக்கும் தெரியும். தெரிகிற குறைக்கு மருந்து உண்டு, பயிற்சி உண்டு, நிறுத்திக்கொள்ள ஒரு காரணமாவது உண்டு. தெரியாத குறையைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம்.

மூளையின் வலது பக்கம் உடம்பின் இடது பக்கத்தை ஆளுகிறது, இடது பக்கம் வலதை ஆளுகிறது. இதை ஆண்டு பத்து விஞ்ஞானப் பிள்ளைகளும் சொல்வார்கள். பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில் இருக்கிறது. ஆகவே இடது மூளையில் அடைப்பு வந்தவருக்கு வலது கை விழும், பேச்சும் குழறும். பார்ப்பவர்கள் அழுவார்கள், "மனுசன் முடிஞ்சான்" என்பார்கள். வலது மூளையில் வந்தவருக்கோ பேச்சு அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பகிடி விடுவார், கடன்காரர் பெயரெல்லாம் சொல்வார். "ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறார்" என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவோம்.

வாகனம் ஓட்டுகிற விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாக இருக்கும். வலது மூளை அடிபட்ட சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்திலிருந்து போய்விடும். கண் குருடாவதில்லை. இடது பக்கம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு போய்விடுகிறது. தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "கறி பத்தாது" என்பார்கள், கறி இடது பக்கத்தில் கிடக்கும். சேட்டின் இடது கையைப் போட மறப்பார்கள். கதவு நிலையில் இடது தோள் இடிபடும். வாசிக்கக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்ப் பத்திரிகையில் வரியின் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து வாசிப்பார். முஸ்ஹஃபைக் கொடுத்தால் தொடக்கம் சரியாக இருக்கும், வரியின் கடைசிச் சொற்கள் தவறும். இரண்டிலும் தவறுவது பக்கத்தின் இடது ஓரம்.

இப்போது பாலாவி–கற்பிட்டி வீதியை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் வாகனம் இடது பக்கம் போகிறது. ஓட்டுநரின் இடது கைப்பக்கம்தான் ரோட்டின் ஓரம். காலை ஏழு மணிக்கு அந்த ஓரத்தில் யார் இருக்கிறார்கள்? மணலில் சில்லுப் புதைய சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள், வெள்ளைச் சீருடையில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடக்கிற பிள்ளைகள், தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற அண்ணன்மார். சவூதியில் ஹவுஸ் ட்ரைவராக இருந்த நம் சகோதரர்களுக்குத் தெரியும், அங்கே வாகனம் வலது பக்கம் போவதால் இடது புறம் எதிரே வருகிற வாகனங்கள் இருக்கும். இங்கே இடது புறத்தில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடது பக்கத்தை மறந்துபோன ஒருவர் அந்த வீதியில் ஆட்டோ ஓட்டினால் யாரை மறந்துபோகிறார் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொரு வகையும் உண்டு. மூளையின் பின்பகுதியில் வருகிற ஸ்ட்ரோக்கில் கை கால் விழாமலே இருக்கலாம். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விடும். அவர் "ஒரு கண் மங்கல்" என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போவார். கண்ணாடியால் ஆவதில்லை, ஏனென்றால் பழுது கண்ணில் இல்லை. எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடவும் கூடும், நேரே பார்க்கிற பார்வை கூர்மையாகவே இருக்கலாம். பக்கவாட்டுப் பார்வையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். டொக்டர் எதிரே இருந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரலை அசைத்துக் கேட்பார். முதற் சோதனை அவ்வளவுதான், சில நிமிட வேலை. கிளினிக்கில் கூட்டம் என்று விட்டுவிட்டால் நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். பிரித்தானியாவில் இப்படிப் பாதிப் பார்வை போனவருக்குப் பொதுவாக ஓட்ட அனுமதி இல்லை.

இதையெல்லாம்விடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. தனக்குக் குறை இருப்பதே சிலருக்குத் தெரியாது. பிடிவாதம் அல்ல, பொய்யும் அல்ல. குறையை உணர வேண்டிய பகுதியே அடிபட்டிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வில்லியம் டக்ளஸ் என்று ஒரு நீதிபதி இருந்தார். அந்த நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே அதிக காலம் இருந்தவர், மகா கெட்டிக்காரர். 1974 டிசம்பர் 31 ஆம் திகதி அவருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் செயலிழந்தது. தனக்கு வாதம் என்பதே கட்டுக்கதை என்று சாதித்தார். நிருபர்களைத் தன்னோடு மலை நடைக்கு வரச் சொன்னார். கடைசியில் 1975 நவம்பரில்தான் பதவியிலிருந்து விலகினார். ஊரார் வழக்கையெல்லாம் தீர்த்த மனிதரால் தன் கை எழும்புகிறதா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் இப்படிப்பட்ட நோயாளர்களைச் சோதித்து எழுதியிருக்கிறார். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய, கிளாஸ் அடுக்கிய ஒரு தட்டை முன்னால் வைப்பார். இடது கை இயங்காதவர் என்றாலும் தன் குறையை அறிந்தவர் ஒரு கையை நடுவில் கொடுத்துத் தூக்கப் பார்ப்பார். குறையை அறியாதவர் வலது ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவார், மற்றக் கையும் பிடித்திருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு. தட்டு கவிழும். இந்த அறியாமை பலருக்கு நாட்கள், வாரங்களில் தெளிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் மெல்லிய மிச்சம், "நான் சரி, ரோட்டில மத்தவன்தான் சரியில்ல" என்கிற அளவில், சிலரிடம் நீண்ட காலம் நிற்கும்.

நாம் சொல்ல வருவது இதைத்தான். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஓட்டலாமா என்ற தீர்ப்பை ஓட்டுநரிடம் மட்டும் விட முடியாது. "உனக்கே தெரியும்தானே, முடியும் என்றால் எடு" என்று சொல்வது மரியாதை போலத் தோன்றும். ஆனால் உடைந்த தராசிடம் நிறையைக் கேட்கிறோம்.

அப்படியென்றால் யார் சொல்வது? முதலில் வீட்டார். அதிலும் மனைவி, மகள். தட்டில் மிச்சமிருந்த சோற்றைக் கண்டது அவர்கள்தான், சேட்டுக் கையைப் போட்டுவிட்டதும் அவர்கள்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது ஆசிரியர்களாகிய எங்களிடம் மெதுவாகச் சொல்வதும் அவர்கள்தான்: "சேர், நாங்க சொன்னா கேக்கமாட்டார், நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க." ஆட்டோவில் கண் வையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வோம். கீறலும் நெளிவும் ஒரே பக்கத்தில் மட்டும் கூடிக்கொண்டு போனால், கேற்றில் நுழையும்போது ஒரே தூணில் திரும்பத் திரும்ப உரசினால், தெரிந்த திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அது வாகனத்தின் வருத்தமல்ல.

அடுத்தது டொக்டர். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். வார்டில் எல்லாம் கேட்போம். நாட்டுக் கோழி கொடுக்கலாமா, எண்ணெய் பூசலாமா, பரிசாரியிடம் காட்டலாமா என்று. "டொக்டர், இவர் ஆட்டோ ஓட்டுகிறவர், எப்போது ஓட்டலாம்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்று நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? டிக்கட் வெட்டுவதற்கு முன் கேளுங்கள். பதிலை டயக்னோசிஸ் கார்ட்டிலோ கிளினிக் கொப்பியிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வாசலைத் தாண்டுவதற்குள் "ஓட்டலாமாம்" என்று மாறிவிடும்.

மற்ற நாடுகளில் இது வழமையான விஷயம். பிரித்தானியாவில் ஸ்ட்ரோக் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது. அதன் பிறகும் குறை மிச்சமிருந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். லொறி, பஸ் ஓட்டுநர் என்றால் ஒரு வருடம். வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் அங்கே பல நகரசபைகள் லொறிக்காரரின் அதே அளவுகோலை வைத்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் சொந்த வாகனத்துக்குக் குறைந்தது நான்கு கிழமை, கூலிக்கு ஓட்டுகிறவருக்குக் குறைந்தது மூன்று மாதம். அரை மணித்தியாலத்தில் தானாகச் சரியாகிவிடுகிற சின்ன ஸ்ட்ரோக்குக்கும் இந்த இரண்டு நாடுகளிலும் தனியான தடைக் காலம் உண்டு. ஏனென்றால் அதற்கடுத்த நாட்களில்தான் பெரியது வருகிற ஆபத்து அதிகம். நம்மிலோ "வாய் கொஞ்சம் கோணினது, பிறகு சரியாகிட்டு" என்று அன்று பின்னேரமே ஹயர் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சு குழறினால், அது சரியானாலும் சரியாகாவிட்டாலும் உடனே 1990 ஐ அழையுங்கள், ஸுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கத்தை நம் பக்கத்தில் யாருக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுக்கத் தேவையில்லை.

மற்ற நாடுகளின் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். தன் காரை ஓட்டுகிறவரையும் அடுத்தவர் பிள்ளையை ஏற்றி ஓட்டுகிறவரையும் அவர்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை. நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தன் தோட்டத்துக்கு வெங்காயத்தாள் கட்டப் போகிறவருக்கு ஒரு அளவு. எட்டுப் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு ஸ்கூல் ஹயர் போகிறவருக்கு இன்னொரு அளவு. (எட்டுப் பேரை அடுக்குவதைப் பற்றி வேறொரு நாளைக்குச் சண்டை பிடிப்போம்.) ஸ்ட்ரோக் வந்தவர் டொக்டரின் எழுத்து இல்லாமல், குறைந்தது மூன்று மாதத்துக்கு, பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். கூடிப்போனது என்று நினைப்பவர்கள் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள்.

"லைசென்ஸ் இருக்குதானே, மெடிக்கலும் எடுத்ததுதானே" என்று கேட்பார்கள். எடுத்ததுதான். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு நாளின் படம். இலகு வாகன லைசென்ஸ் 8 வருடத்துக்குச் செல்லும், கனரக வாகனத்துக்கு 4 வருடம். இரண்டாவது வருடத்தில் ஸ்ட்ரோக் வந்தவரின் பர்ஸில் இன்னும் ஆறு வருடத்துக்குச் செல்லுபடியாகும் அட்டை இருக்கும். அட்டைக்கு வாதம் வருவதில்லை. பொலிஸ் மறித்தால் காட்டலாம், ஓரத்தில் நடக்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மறைப்பதால் என்ன வரும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைப் பாருங்கள். 2014 டிசம்பர் 22 அன்று, கடைத்தெரு நிறைந்திருந்த நேரத்தில், நகரசபையின் குப்பை லொறி நடைபாதையில் ஏறியது. ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஹேண்டிலில் இருந்தபடியே மயங்கியிருந்தார். அது ஸ்ட்ரோக் அல்ல, மயக்கம். ஆனால் கதை நமக்குப் பழக்கமானது. 2010 இல், பஸ் ஓட்டுநராக இருந்த காலத்திலேயே, அவர் ஒருமுறை மயங்கியிருந்தார். உள்ளதை உள்ளபடி டொக்டர்மாரிடம் சொல்லவில்லை, லைசென்ஸ் அலுவலகத்திடமும் சொல்லவில்லை. 2015 இல் நடந்த விசாரணையில், அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று முடிவானது. அவரை அரக்கனாகப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. தொழில் போய்விடும் என்று பயந்த ஒரு மனிதராகவே தெரிகிறார். அந்தப் பயம் ஆலங்குடாவிலும் இருக்கிறது.

இங்கே பயத்துக்குப் பெயர் லீசிங். மாதம் பிறந்தால் தவணை. இரண்டு தவணை தவறினால் போன், மூன்றாவது தவறினால் வாசலில் ஆள். ஆட்டோ போனால் வீட்டில் அடுப்பு இல்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "மூளையில் இடது பக்கக் கவனம்" என்று வகுப்பு எடுத்தால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கிற உரிமை அவருக்கு உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிற ஆசிரியருக்கு நோய் லீவு உண்டு, ஆட்டோக்காரருக்கு யார் லீவு கொடுப்பது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தியை எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கட்டுவதற்குக் கயிறு இல்லாதவனுக்குக் கயிறு கொடுப்பது யார் பொறுப்பு என்றும் கொஞ்சம் பேசலாம்.

ஆகவே "ஓட்டாதே" என்று சொல்கிற வாய்க்கு ஒரு செலவு இருக்கிறது. அதை ஊர் ஏற்க வேண்டும். ஏற்க முடியாத அளவு பெரிய செலவல்ல. ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் அவருடைய ஆட்டோவைச் சும்மா நிறுத்திவைக்காமல், ஸ்டாண்டில் உள்ள சகோதரர்கள் நம்பிக்கையான ஒரு இளைஞரை வைத்து ஓட்டுவிக்கலாம். ஸ்கூல் ஹயரும் கைவிட்டுப் போகாது. உழைப்பில் ஒரு பங்கு ஓட்டுகிறவருக்கு, மிச்சம் தவணைக்கும் வீட்டுக்கும். கணக்கைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் மனஸ்தாபம் வராது. பத்தாததை ஊர் போட வேண்டும். வட்டி கலந்த லீசிங் தவணைக்கு ஸகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும், அதில் ஆசிரியர்கள் ஃபத்வா கொடுக்கக்கூடாது. ஆனால் அரிசி மூட்டைக்கும், பிள்ளைகளின் கொப்பிக்கும், ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போய்வருகிற செலவுக்கும் யாருடைய ஃபத்வாவும் தேவையில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரைக்கு வந்தபோது பள்ளிவாசலையும் ஸ்கூலையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்ட பிரதேசம் இது. வந்தவர்களும் இருந்தவர்களும் அன்று பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளான நமக்கு, ஒரு வீட்டை மூன்று மாதம் தாங்குவது கஷ்டமா?

இன்னும் இரண்டு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட இளைஞர்கள் ஒரு கூட்டம். தையல் ஆறியதும் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். தலைக் காயம் சிலருடைய பொறுமையையும் நிதானத்தையும் தின்றுவிடும், முன்பு நின்று பார்த்து எடுத்த இடத்தில் இப்போது பார்க்காமல் வெட்டுவார்கள். வயசுக் கோளாறு என்று நினைத்து ஏசுவோம். இது வேறு. வலிப்பு வருகிற ஆபத்தும் தலைக் காயத்துக்குப் பிறகும் உண்டு, ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் உண்டு. ஒருமுறை வலிப்பு வந்திருந்தால் டொக்டர் சொல்கிற காலம் முடியும்வரை வாகனத்தைத் தொடவே கூடாது. அதற்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில தூக்கத்தையும் கொண்டுவரும்.

மற்றக் கூட்டம் கடலுக்குப் போகிறவர்கள். போட்டுக்கு எஞ்சின் பிடிக்கிறவருக்கும், டொல்பின் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகிறவருக்கும் இதே கேள்விதான். ரோட்டில் மயங்கினால் யாராவது தூக்குவார்கள்.

கடைசியாக, இதன் மறுபக்கத்தையும் பேசாவிட்டால் நாங்கள் அநியாயம் செய்தவர்களாவோம். ஸ்ட்ரோக் வந்தவரெல்லாம் இனி ஓட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் நல்லபடி திரும்புகிறார்கள். திரும்புவதற்கு ஒரு முறை இருக்கிறது, அவ்வளவுதான். பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், மருந்து தவறக்கூடாது. பார்வை, கவனம், கை கால் எல்லாவற்றையும் பார்த்து டொக்டர் எழுதித் தர வேண்டும். வெளிநாடுகளில் தொழில்வழிச் சிகிச்சையாளரும் ஓட்டுநர் பயிற்சியாளரும் சேர்ந்து, இரண்டு பேருக்கும் பிரேக் உள்ள காரில் ஏற்றி, உண்மையான ரோட்டிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படியொன்று இல்லை, ஆட்டோவில் இரண்டாவது பிரேக்குக்கு இடமும் இல்லை. ஆகவே டொக்டர் சம்மதித்த பிறகும் படிப்படியாகத்தான் எடுக்க வேண்டும். முதலில் பகல் பத்து மணிக்கு, உள் வீதியில், ஹயர் இல்லாமல், பின்னால் அனுபவமுள்ள ஒரு ஓட்டுநரை இருத்தி. அவர் மச்சானாகவோ மகனாகவோ இல்லாமல், மூஞ்சிக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய ஒருவராக இருந்தால் நல்லது. சில கிழமை அப்படிப் போன பிறகு மெயின் ரோடு. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வருகிற களைப்பு சாதாரணக் களைப்பல்ல, பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் ஆளைப் போட்டுவிடும். ஆகவே இரவு ஹயரும், தலவில திருநாள் காலத்துச் சன நெரிசலும், நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு முந்திய அவசர ஓட்டமும் கடைசியாக வரட்டும். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அதே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் முடித்து ஒருவர் திரும்பி வருகிறார் என்று வையுங்கள். அப்போதும் "அவனுக்கு வாதம் வந்ததுதானே" என்று சொல்லி அவருடைய ஆட்டோவில் ஏறாமல் விட்டால், அடுத்த முறை ஸ்ட்ரோக் வந்தவர் ஏன் உண்மையைச் சொல்லப் போகிறார்? டொக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தவரின் ஆட்டோ ஸ்டாண்டில் முதலாவதாக நின்றால், அதைக் கடந்துபோய் இரண்டாவதில் ஏறாதீர்கள்.